பூனைக்குக் கருத்தடை ஆபரேஷன் முடிஞ்சு 3ஆம் நாள்: தையல் கிட்ட சின்ன கட்டி, சாப்பாடு பாதியா குறைஞ்சிருக்கு, காலரைப் பிடுங்கறா. உதவி தேவை

செம்பூர் ஜன்னலோரம் (புதன், மாலை 6:40)

வணக்கம். மும்பை செம்பூர்ல ஒரு ரூம், ஒரு கிச்சன் வீடு. பூனைக்கு 1 வயசு, எடை 2.8 கிலோ. ஞாயித்துக்கிழமை காலையில கருத்தடை ஆபரேஷன் ஆச்சு. தையல் வயித்துக்கு நடுவுல, 3 செ.மீ. இருக்கும், நூல் வெளியே தெரியுது. அன்னிக்கு ராத்திரி தள்ளாடினா, திங்கட்கிழமை காலையில சரியாயிட்டா.

இப்ப பிரச்சினை இதுதான். தையலுக்குக் கீழ பட்டாணி அளவு கட்டி ஒண்ணு கையில தட்டுப்படுது. செவ்வாய் காலையிலிருந்து வழக்கமா சாப்பிடறதுல பாதிதான் சாப்பிடறா, ரெண்டு தடவை வெள்ளையா நுரை வாந்தி எடுத்தா. ஒண்ணுக்கு போறா, ஆனா சனிக்கிழமைக்கு அப்புறம் ஆய் போகலை. தையலை நக்காம இருக்கக் கழுத்துல மாட்டின காலரை, அதான் பிளாஸ்டிக் கோனை, பின்னங்காலால உதைச்சு கழட்டிடறா. தினமும் ஒரு டோஸ் வலி மருந்து சிரப், கூட ஒரு டாக்ஸிசைக்ளின் (ஆன்டிபயாடிக்) மாத்திரை. மாத்திரை கொடுத்தா வாயெல்லாம் நுரை தள்ளுது.

பக்கத்து வீட்டு மாமி மஞ்சளும் தேங்காயெண்ணெயும் குழைச்சுப் போடச் சொல்றாங்க. வலி இருந்தா கால் மாத்திரை க்ரோசின் கொடுக்கலாம்னும் ஒருத்தர் சொன்னார். மழை விடாம பெய்யுது, தரை ஈரம் காயவே மாட்டேங்குது. இப்பவே தூக்கிட்டு ஓடணுமா, காலையில வரைக்கும் பார்க்கலாமா?

மாட்டுங்கா கிழக்கு (மாலை 6:52)

முதல்ல க்ரோசின். கால் மாத்திரை இல்ல, ஒரு துணுக்குகூட வேணாம். க்ரோசின், டோலோ, கால்பால் எல்லாத்துலயும் இருக்கறது பாராசிட்டமால். அதை முறிச்சு வெளியேத்தற சக்தி பூனையோட ஈரலுக்கு ரொம்பக் குறைவு. ரத்தத்துல ஆக்ஸிஜனைத் தூக்கிட்டுப் போற சத்து கெட்டுப்போய், ஈறு காப்பிக்கலர் ஆகி, முகமும் பாதமும் வீங்கி, மூச்சுக்குத் திணறும். ஒரே ஒரு மாத்திரை ஒரு பூனையைக் கொல்லும். ப்ரூஃபென், டைக்ளோஃபெனாக், ஆஸ்பிரின் எதுவும் வேணாம். ஏற்கெனவே கொடுத்திருந்தா உடனே சொல்லுங்க, அப்படின்னா காலையில வரைக்கும் காத்திருக்கற பேச்சே இல்ல.

கொடுக்கலைன்னா, இதைப் பார்த்துட்டு வந்து எழுதுங்க.

மேல் உதட்டைத் தூக்கி ஈறைப் பாருங்க, வெளிர் ரோஜா நிறமா இருக்கணும். விரலால அழுத்தி விடுங்க. வெளுத்த இடம் 2 வினாடிக்குள்ள பழைய நிறத்துக்கு வரணும். ஈறு வெள்ளைக் காகிதம் மாதிரி இருந்து, காதும் பாதமும் சில்லுனு, வயிறு உப்பியிருந்தா உள்ளே ரத்தம் கசியுதுன்னு வெச்சுக்கணும், உடனே கிளம்பணும்.

தூங்கும்போது விலா ஏறி இறங்கறதை ஒரு நிமிஷம் எண்ணுங்க. 20லிருந்து 30 சாதாரணம். 40ஐத் தாண்டினாலும், வாயைத் திறந்து மூச்சு வாங்கினாலும் அவசரம்.

டிஜிட்டல் தெர்மாமீட்டர் இருந்தா முனையில வாஸலைன் தடவி ஆசனவாயில 2 செ.மீ. உள்ளே வெச்சுப் பாருங்க. 100.5லிருந்து 102.5 டிகிரி ஃபாரன்ஹீட் சரி. கையால தொட்டுப் பார்த்து ஜுரம்னு முடிவு பண்ணாதீங்க, பூனை உடம்பு நம்ம உடம்பைவிடச் சூடாத்தான் இருக்கும்.

கட்டியை ரெண்டு விரலால மெதுவா அமுக்குங்க. கெட்டியா, வலி இல்லாம, உள்ளே போகாம இருந்தா பெரும்பாலும் உள் தையல் நூலுக்கு உடம்பு காட்டற எதிர்ப்புதான், சில வாரத்துல கரைஞ்சுடும். மெத்துனு இருந்து, அமுக்கினா உள்ளே போய், விட்டா திரும்பி வந்தா உள்தசை பிரிஞ்சிருக்கலாம். அது ஹெர்னியா (குடலிறக்கம்), டாக்டர் பார்த்தே ஆகணும்.

கடைசியா ஒண்ணு. சிரப்போட பேர், லேபிள்ல 1 மி.லி.ல எத்தனை மி.கி.ன்னு போட்டிருக்கு, டாக்டர் சீட்டுல என்ன அளவு எழுதியிருக்கார், மூணையும் அப்படியே பார்த்து எழுதுங்க.

செம்பூர் ஜன்னலோரம் (மாலை 7:15)

க்ரோசின் கொடுக்கலை. ஈறு ரோஜா நிறம், ஒரு வினாடியில நிறம் வந்துடுது. மூச்சு 28. உடம்புச் சூடு 101.6. கட்டி கெட்டியா இருக்கு, உள்ளே போகலை, அமுக்கினா கத்தலை. தையல் காஞ்சுதான் இருக்கு.

சிரப் மெலோக்சிகாம். பாட்டில்ல 1 மி.லி.க்கு 1.5 மி.கி.ன்னு இருக்கு. சீட்டுல 0.5 மி.கி. சஸ்பென்ஷன், 0.3 மி.லி., ஒரு நாளைக்கு ஒரு தடவை, சாப்பாட்டுக்கு அப்புறம்னு எழுதியிருக்கார். மருந்துக்கடையில கேட்டப்ப ரெண்டும் ஒரே மருந்துதான்னு கொடுத்தாங்க. திங்கள், செவ்வாய் ரெண்டு நாளும் 0.3 மி.லி. கொடுத்தாச்சு. இன்னிக்கு டோஸ் இன்னும் கொடுக்கலை.

மாட்டுங்கா கிழக்கு (மாலை 7:21)

இன்னிக்கு டோஸைக் கொடுக்காதீங்க. உங்க கையில இருக்கறது நாய்க்கான கரைசல், பூனைக்கானதைவிட மூணு மடங்கு வீரியம்.

சீட்டுப்படி 0.5 மி.கி. கரைசல்ல 0.3 மி.லி.ன்னா 0.15 மி.கி. 2.8 கிலோ பூனைக்குக் கிலோவுக்கு 0.05 மி.கி.ங்கற கணக்குக்கு அது சரியா வருது. அதே 0.3 மி.லி.யை 1.5 மி.கி. பாட்டில்லேர்ந்து எடுத்தா 0.45 மி.கி. ரெண்டு நாளா மும்மடங்கு போயிருக்கு. சாப்பாடு குறைஞ்சதும் நுரை வாந்தியும் ஆபரேஷனால வந்ததா இல்லாம இதனால வந்ததா இருக்க வாய்ப்பு நிறைய. இந்த மருந்து கூடினா வயித்துச் சுவரைப் புண்ணாக்கும், சிறுநீரகத்துக்குப் போற ரத்தத்தையும் குறைக்கும். தண்ணி சத்து குறைஞ்ச பூனைக்கு ஆபத்து இன்னும் ஜாஸ்தி.

இப்பவே ஆபரேஷன் பண்ணின டாக்டருக்கு போன் பண்ணி இந்த எண்களை அப்படியே வாசிங்க: எடை 2.8, கரைசல் 1.5, கொடுத்தது 0.3 மி.லி., ரெண்டு தடவை, வாந்தி ரெண்டு. "மருந்து கொஞ்சம் ஜாஸ்தியாயிடுச்சு"ன்னு பொதுவா சொன்னா அவரால எதையும் முடிவு பண்ண முடியாது. சிறுநீரகம் எப்படி இருக்குன்னு தெரிய ரத்தத்துல க்ரியேட்டினின் பார்க்கணும், தோலுக்கடியில திரவம் ஏத்தணும்னு அவர் சொல்லலாம். அவர் கிடைக்கலைன்னா காலையில வரைக்கும் விடாதீங்க. மகாலக்ஷ்மியில டாடா டிரஸ்ட்ஸ் 2024ல திறந்த சிறு விலங்கு மருத்துவமனை இருக்கு, பரேல்ல பாய் சகர்பாய் மருத்துவமனை இருக்கு. எந்த இடமா இருந்தாலும் இந்த நேரத்துல டாக்டர் இருக்காரான்னு போன்ல கேட்டுட்டுக் கிளம்புங்க. மழையில சயான் சிக்னல் தாண்டவே முக்கால் மணி நேரம் ஆகலாம், பூனைக் கூண்டு மேல பிளாஸ்டிக் ஷீட் போட்டுக்குங்க, முன்பக்கம் காத்து போகட்டும். பாட்டிலையும் கையோட எடுத்துட்டுப் போங்க.

ஆய் கறுப்பா தார் மாதிரி போனாலும், ஒண்ணுக்கு திடீர்னு ரொம்பக் குறைஞ்சாலும் கூடினாலும் அதையும் சொல்லணும்.

செம்பூர் ஜன்னலோரம் (வியாழன், காலை 10:05)

ராத்திரியே போயிட்டு வந்துட்டோம். ரத்தப் பரிசோதனையில சிறுநீரக அளவு எல்லைக்குள்ளதான் இருக்கு. 100 மி.லி. திரவம் தோலுக்கடியில ஏத்தினாங்க, வயித்துக்கு ஊசி போட்டாங்க. மெலோக்சிகாமை அடியோட நிறுத்தச் சொல்லிட்டாங்க, சனிக்கிழமை திரும்ப ரத்தம் பார்க்கணும். கட்டி நூல் எதிர்ப்புதானாம். காலையில கால் கிண்ணம் சாப்பிட்டா. அந்த லேபிள் கேள்விக்கு ரொம்ப ரொம்ப நன்றிங்க. இப்ப காலர், மாத்திரை, சாப்பாடு மூணுக்கும் வழி சொல்லுங்க.

தாராவி 90 அடி ரோடு (காலை 10:30)

நல்ல வேளை. காலரைப் பத்தி நான் சொல்றேன் அக்கா.

பூனை நாக்கைக் கிட்ட வெச்சுப் பார்த்தா தெரியும், தொண்டையைப் பார்த்து வளைஞ்ச சின்னச் சின்ன முள்ளு. நூல் முடிச்சு அதுல மாட்டினா தானா உள்பக்கம் இழுபடும். அஞ்சு நிமிஷம் நக்கினாலே ஒரு தையல் போயிடும். அதனால ராத்திரி மட்டும் போட்டா போதும்ங்கற கணக்கு உதவாது, நாம தூங்கறப்பவும் குளிக்கறப்பவும்தான் அது நடக்கும்.

கோன் கழண்டு வருதுன்னா கழுத்துல லூஸா இருக்கு. கழுத்துக்கும் பட்டைக்கும் நடுவுல ரெண்டு விரல் மட்டும் போகணும். நீளம் மூக்கு நுனியைத் தாண்டி 2, 3 செ.மீ. நீட்டிட்டு இருக்கணும், இல்லைன்னா தலையைச் சாய்ச்சு எட்டிடுவா. கோனுக்குள்ள தட்டு நுழையலைன்னாலும் பூனை சாப்பிடாது, அதையும் பாருங்க. காபி டவரா சாஸர் மாதிரி சின்னத் தட்டை ரெண்டு இன்ச் உயரத்துல வெச்சுப் பாருங்க.

கோன் ஒத்தே வரலைன்னா துணிச் சட்டை. பழைய காட்டன் லெக்கின்ஸ் கால் ஒண்ணு போதும். அக்குளுக்கு மேலேர்ந்து வால் வரைக்கும் அளந்து 4 செ.மீ. கூட விட்டு வெட்டுங்க. கணுக்கால் பக்கம் கழுத்துக்கு. அந்த விளிம்புலேர்ந்து 3 செ.மீ. கீழ, 5 செ.மீ. இடைவெளியில ரெண்டு ஓட்டை, ஒவ்வொண்ணும் ஒரு ரூபா நாணயம் அளவு, போதலைன்னா அப்புறம் பெருசாக்கிக்கலாம். பின்னங்காலுக்கும் அதே மாதிரி. அடியில ஒண்ணுக்கு போற இடத்தை நல்லா அகலமா வளைச்சு வெட்டிடணும். இங்கதான் எல்லாரும் தப்பு பண்றாங்க. ஓட்டை சின்னதா இருந்தா துணி நனைஞ்சு, நனைஞ்ச துணி நாள் முழுக்கத் தையல் மேல ஒட்டிட்டு இருக்கும். அதுக்குக் கோனே தேவலை. மூணு சட்டை தச்சு வெச்சுக்குங்க. இந்த மழையில துவைச்சது காயாது, அயர்ன் பண்ணிக் காயவெச்சுப் போடுங்க.

மாட்டுங்கா கிழக்கு (காலை 11:10)

சட்டைக்கு ஒரு எச்சரிக்கை: துணிக்கு மேலேயே விடாம நக்கற பூனையும் உண்டு. வயித்துப் பக்கம் துணி ஈரமா இருந்தா, அவளுக்குச் சட்டை போதாது, மேல கோனும் வேணும். தினம் ரெண்டு தடவை சட்டையைத் தூக்கித் தையலைப் பார்த்தே ஆகணும். ஒரே வெளிச்சத்துல, ஒரே தூரத்துல தினம் ஒரு போட்டோ எடுத்து வெச்சா சிவப்பு ஏறுதா இறங்குதான்னு சந்தேகமில்லாம தெரியும்.

மாத்திரை: நுரை தள்ளறது கசப்புக்கு, விஷம் இல்ல. ஆனா டாக்ஸிசைக்ளின் உணவுக்குழாய்ல ஒட்டிக்கிட்டா அங்கேயே புண்ணாகி, குழாய் சுருங்கிப் போகும். மாத்திரை உள்ளே போனதும் ஊசி இல்லாத சிரிஞ்சுல 5 மி.லி. தண்ணியைக் கன்னத்து ஓரமா மெதுவா விடுங்க, உடனே ஒரு வாய் சாப்பாடு. தலையை அண்ணாக்கப் பிடிச்சு ஊத்தாதீங்க, மூச்சுக்குழாய்க்குப் போயிடும். வாந்தி இருந்ததால இதைத் தொடரலாமான்னும் டாக்டர்கிட்ட ஒரு வார்த்தை கேட்டுக்குங்க.

சாப்பாடு: ஒரு நாளைக்கு அஞ்சாறு தடவை, ஒவ்வொரு தடவையும் ரெண்டு ஸ்பூன். உப்பு, வெங்காயம், பூண்டு எதுவும் படாத வேகவெச்ச சிக்கனை நார் நாரா பிச்சு, வெந்த தண்ணியோட, கை பொறுக்கற சூட்டுல. சூடு பண்ணினாத்தான் வாசனை எழும்பும், வாசனை இல்லாம பூனை சாப்பிடாது. பச்சை பொம்பில் (பாம்பே டக்) மீனை வேகவெச்சு முள் எடுத்தும் கொடுக்கலாம். காஞ்ச பொம்பில் வேணாம், உப்பு. பால் வேணாம், வயித்தால போகும். 24 மணி நேரம் வாயே வைக்கலைன்னா போன் பண்ணுங்க. பூனை ரெண்டு மூணு நாள் பட்டினி கிடந்தா உடம்புக் கொழுப்பு ஈரல்ல போய்ச் சேர்ந்து அது தனி நோயாயிடும்.

ஆய்: ஆபரேஷனுக்கு முன்னாடி பட்டினி, அப்புறமும் பாதிச் சாப்பாடு, அதனால நாலு நாள் போகாம இருக்கறது சாதாரணம். வேகவெச்ச பரங்கிக்காய் ஒரு டீஸ்பூன் மசிச்சுக் கலந்து கொடுங்க. நாளைக்கும் போகலைன்னாலோ, முக்கிட்டு உட்கார்ந்தாலோ டாக்டர்கிட்ட சொல்லணும். விளக்கெண்ணெய் வாயில ஊத்திடாதீங்க.

தாராவி 90 அடி ரோடு (காலை 11:25)

மஞ்சள் எண்ணெய்க்கு யாரும் பதில் சொல்லலை. மாமி நல்ல எண்ணத்துலதான் சொல்றாங்க, ஆனா எண்ணெய் பூசினா தையல் காயாம ஊறும், தூசி ஒட்டும், வாசனைக்கு இன்னும் நக்குவா. டெட்டாலும் பூனைக்கு விஷம். காஞ்ச ரத்தம் ஒட்டியிருந்தா மட்டும், கொதிச்சு ஆறின அரை லிட்டர் தண்ணியில தலை தட்டின ஒரு டீஸ்பூன் உப்பு போட்டு, பஞ்சுல நனைச்சு ஒத்தி எடுங்க. தேய்க்க வேணாம்.

தரை துடைக்க ஃபினைல் ஊத்தற வழக்கம் இருந்தா 2 வாரம் நிறுத்துங்க, வீட்டு வேலைக்கு வர்றவங்ககிட்டயும் சொல்லிடுங்க. பாதத்துல ஒட்டி, நக்கி, வயித்துக்குள்ள போகும், இவ வயிறு ஏற்கெனவே புண்ணு. வெறும் தண்ணியில துடைச்சு ஃபேன் போடுங்க. அவ ஆய் போற லிட்டர் பாக்ஸ்ல மண்ணுக்குப் பதிலா பேப்பரைக் கிழிச்சுப் போடுங்க, தூள் தையல்ல ஒட்டாது. மழைக்காலத்துல ஈ ஜாஸ்தி. ஈரத் தையல்ல ஈ முட்டை வெச்சா ஒரே நாள்ல புழு. ஜன்னலுக்குக் கொசுவலை இல்லைன்னா கூண்டு மேல மெல்லிய துணி போடுங்க.

குதிக்கறதுதான் அடுத்தது. ஃப்ரிட்ஜ், லாஃப்ட், ஜன்னலுக்கு வெளியே தள்ளியிருக்கற பாக்ஸ் கிரில், எல்லாத்துக்கும் ஏற வழியா இருக்கற ஸ்டூலை எடுத்துடுங்க. 3 அடிக்கு 2 அடி நாய்க் கூண்டு ஒண்ணு வாடகைக்கு கிடைச்சா நீங்க வீட்ல இல்லாத நேரத்துக்கு அதுதான் நிம்மதி. பாத்ரூம்ல அடைக்காதீங்க, ஈரம்.

செம்பூர் ஜன்னலோரம் (சனி, மாலை 5:20)

ரெண்டாவது ரத்தப் பரிசோதனையும் சரியா இருக்கு. வெள்ளி ராத்திரி ஆய் போயிட்டா, நிறம் சாதாரணம். சாப்பாடு முக்கால் அளவுக்கு வந்துடுச்சு. டாக்டரே சட்டைக்குச் சரின்னுட்டார், அதோட இருக்கா, துணி காஞ்சுதான் இருக்கு. ஒரே ஒரு சந்தேகம். ஆபரேஷன் அன்னிக்கு அவ ஹீட்ல (இணை சேர்ற பருவத்துல) இருந்தான்னு டாக்டர் சொன்னார். இன்னமும் ஜன்னலுக்கு வெளியே கடுவன் பூனை ஒண்ணு வந்து கத்துது. தையல் எப்ப பிரிக்கணும்?

மாட்டுங்கா கிழக்கு (மாலை 5:48)

உடம்புல மிச்சமிருக்கற ஹார்மோன் வாசனை அடங்கச் சில நாள் ஆகும், கடுவன் வரும், அப்புறம் நின்னுடும். அதுவரைக்கும் அந்த ஜன்னலைச் சாத்தியே வைங்க. கடுவன் மேல ஏறிக் கழுத்தைக் கடிச்சா தையல் தாங்காது. ஒரு மாசம் கழிச்சு இவளே திரும்ப உருண்டு புரண்டு கத்த ஆரம்பிச்சா சினைப்பைத் துணுக்கு உள்ளே தங்கியிருக்கலாம், அப்ப டாக்டர்கிட்ட காட்டணும்.

வெளி நூல்னா 10லிருந்து 14 நாளுக்குள்ள டாக்டரே பிரிப்பார். பிரிச்ச அன்னிக்கும் சட்டையைக் கழட்டாதீங்க, நூல் எடுத்த ஓட்டை மூட இன்னும் ஒரு நாள் வேணும். அந்த 1.5 பாட்டிலை மருந்து டப்பாவுல வைக்காம இன்னிக்கே வீட்டை விட்டு அப்புறப்படுத்துங்க.

செம்பூர் ஜன்னலோரம் (மாலை 5:55)

எடுத்தாச்சு. அடுத்த வாரம் வியாழக்கிழமை தையல் பிரிக்க நேரம் வாங்கிட்டேன்.