மச்சுக்கு எத்தனை அடி பலகை?

குழு: செங்கோட்டை வீடு
ஞாயிறு, காலை

நான்: பெரிய அறைக்கு மேலே பலகை போட்ட மச்சை ஆசாரி இன்று பிரித்துப் பார்த்துவிட்டார். பலகை தேறாதாம், பாதிக்கு மேல் செல்லரித்துக் கிடக்கிறது. உத்தரம் ஏழில் இரண்டு போய்விட்டது. சாரல் பிடிப்பதற்குள் போட்டுவிடுங்கள் என்கிறார்.

அண்ணன் (ஷார்ஜா): எவ்வளவு ஆகும்? கணக்குச் சொல், அனுப்பிவிடுகிறேன்.

நான்: அறை 12க்கு 15. மொத்தம் 180 சதுர அடி.

அண்ணன்: 180-ஐ 3.28-ஆல் வகுத்தால் 55 மீட்டர் வருகிறது. அத்தான், புனலூர் மில்லில் 55 மீட்டர் பலகை என்ன விலை என்று கேட்டுச் சொல்லுங்கள்.

பெரிய மாமா: டேய், நில்லு.

பெரிய மாமா: சதுர அடியை 3.28-ஆல் வகுத்தால் எதுவும் வராது. 10.76-ஆல் வகுத்தால் சதுர மீட்டர் வரும், 16.7. அதுவும் பரப்புதான், நீளம் இல்லை. நீ சொல்கிற 55 மீட்டரை வாங்கிப் போட்டால் பாதி அறைகூட மூடாது. மீதியில் எலி எட்டிப் பார்க்கும்.

மதினி: 😂😂 இவர் இங்கே கால்குலேட்டரை முறைத்துக்கொண்டிருக்கிறார் மாமா.

அண்ணன்: சரி, நீளம் எப்படித்தான் வரும்?

பெரிய மாமா: அகலத்தால் வகு. மாப்பிள்ளை, மில்லில் பலகை என்ன அகலம்?

புனலூர் அத்தான்: 6 அங்குலம் மாமா. ஆஞ்சிலி மரம், முக்கால் அங்குல கனம். ரன்னிங் அடி, அதாவது நீளத்தில் ஓர் அடி, 48 ரூபாய் சொன்னார்கள். எல்லாம் 10 அடி நீளம்தான் இருக்கிறது.

அண்ணன்: 6 அங்குலம் என்றால் அரை அடி. 180-ஐ அரையால் வகுத்தால் 360 ரன்னிங் அடி. இப்போது சரியா?

பெரிய மாமா: வழி சரி. அகலம்தான் சந்தேகம்.

நான்: செங்கோட்டைக் கடையிலும் அதே ஆஞ்சிலி இருக்கிறது. அவர்கள் சதுர அடிக்கு 100 சொல்கிறார்கள்.

புனலூர் அத்தான்: அப்படியானால் மில்தான் லாபம். இரண்டு அடி சேர்ந்தால் ஒரு சதுர அடி, 96 ரூபாய்தான்.

பெரிய மாமா: அவசரப்படாதீர்கள் மாப்பிள்ளை. அந்தப் பலகையின் ஒரு ஓரத்தில் நாக்கு, மறு ஓரத்தில் அது நுழைகிற காடி இருக்குமே? 6 அங்குலம் என்பது நாக்கோடு சேர்த்தா, நாக்கை விட்டா?

புனலூர் அத்தான்: மில் பையனிடம் டேப் வைத்து அளக்கச் சொல்கிறேன், இருங்கள்.

அம்மா: 🎤 குரல் செய்தி (0:41)

நான்: அம்மா சொல்வது: பழைய பலகையில் நல்லதாக நாலைத் தேர்ந்தெடுத்து வைக்க வேண்டுமாம், மாட்டுக்கொட்டகை வாசலுக்கு. அப்புறம் மாமா சாப்பிட்டாயிற்றா என்று கேட்கிறார்.

பெரிய மாமா: சாப்பிட்டாயிற்று. ஆப்பம்.

புனலூர் அத்தான்: மாமா, ஓரத்துக்கு ஓரம் 6. நாக்கு மட்டும் அரை அங்குலம். கீழிருந்து பார்த்தால் தெரிகிற முகம் ஐந்தரைதான்.

பெரிய மாமா: அதைத்தான் கேட்டேன். நாக்கு அடுத்த பலகையின் காடிக்குள் போய்விடும், அது எதையும் மூடாது. ஆனால் காசு அதற்கும் சேர்த்துத்தான். ஐந்தரை அங்குலம் என்றால் 0.458 அடி. 180-ஐ அதால் வகுத்தால் 393 அடி. 48-ஐ அதால் வகுத்தால் சதுர அடி 105 ரூபாய் ஆகிறது. 96 எங்கே, 105 எங்கே!

புனலூர் அத்தான்: அரை அங்குலத்துக்கு ஒன்பது ரூபாயா!

பெரிய மாமா: அந்த 393-உம் காகிதக் கணக்குதான். பலகை எந்தப் பக்கமாக ஓடுகிறது என்று பார்க்க வேண்டும். உத்தரம் குறுக்குச் சுவரில், 12 அடிக்குத்தானே கிடக்கிறது?

நான்: ஆமாம் மாமா. இரண்டரை அடிக்கு ஒன்று.

பெரிய மாமா: அப்படியானால் பலகை 15 அடிப் பக்கமாக ஓடும். 12 அடி என்பது 144 அங்குலம். ஐந்தரையால் வகுத்தால் 26 வரிசை போய்க் கொஞ்சம் மிஞ்சும். அந்தக் கொஞ்சத்துக்கும் ஒரு முழு வரிசை வேண்டும், ஆக 27. ஒரு வரிசைக்கு ஒன்றரைப் பலகை, 40½. 41 பலகை வாங்க வேண்டும். வெட்டும்போது பிளந்தது, முண்டு விழுந்தது என்று இரண்டு கூடுதல். 43.

நான்: ஒரு வரிசைக்குப் பத்தும் ஐந்துமாக வைத்தால், ஒட்டு உத்தரத்தின் மேல் விழ வேண்டும் என்றார் ஆசாரி.

பெரிய மாமா: விழும். இரண்டரை அடி இடைவெளியில் ஐந்தாவது அடியிலும் பத்தாவது அடியிலும் உத்தரம் இருக்கிறது. ஒரு வரிசை பத்து–ஐந்து, அடுத்த வரிசை ஐந்து–பத்து. ஒட்டெல்லாம் ஒரே கோட்டில் வராது.

அண்ணன்: உத்தரத்துக்கும் இதே வழிதானே? 180-ஐ இரண்டரையால் வகுத்தால் 72 அடி.

பெரிய மாமா: 72-இல் ஆறுதான் வரும். 15 அடியில் இடைவெளி ஆறு, உத்தரம் ஏழு. வேலிக்கால் கணக்கு இது, கடைசிக் காலை எண்ண மறந்துவிடுவார்கள். மொத்தமும் மாற்றினால் 84 அடி.

அப்பா: மொத்தமும் எதற்கு மச்சான்? மிச்சம் ஐந்தும் தேக்கு. தட்டினால் கணீரென்கிறது. இரண்டு போட்டால் போதும், 24 அடி.

மதினி: சுவரோரம் சுற்றி மெல்லிய மரப்பட்டி, பீடிங் அடிப்பார்களே, அதற்கு 180 சதுர அடிக்கு எத்தனை அடி மாமா?

பெரிய மாமா: சதுர அடியை வைத்துச் சொல்லவே முடியாது அம்மா. நம் அறை 12க்கு 15, சுற்று 54 அடி. அதே 180 சதுர அடி 9க்கு 20ஆக இருந்தால் 58. 6க்கு 30 என்று நடை மாதிரி இருந்தால் 72. ஒல்லியாகப் போகப் போகச் சுற்று கூடிக்கொண்டே போகும். மூலைக்குச் சாய்த்து வெட்டுவதில் போவதையும் சேர்த்து 60 அடி வாங்கலாம்.

அப்பா: எங்கள் அப்பா இந்த வீட்டைக் கட்டும்போது செங்கோட்டை திருவிதாங்கூரில் இருந்தது. 1956-இல்தான் இந்தப் பக்கம் வந்தோம். கட்டிய ஆசாரி புனலூர்ப் பக்கத்துக்காரர். பரப்பு என்ன என்று அவர் கேட்கவே மாட்டாராம், சுற்று எத்தனை கோல் என்றுதான் கேட்பாராம். 24 விரல் ஒரு கோல், 72 சென்டிமீட்டர். மனைக்கணக்கெல்லாம் அந்தச் சுற்றை வைத்துத்தான்.

புனலூர் அத்தான்: இங்கே இப்போதும் வீட்டுக்குத் தச்சு பார்ப்பவர்கள் சுற்றளவைத்தான் முதலில் சொல்கிறார்கள் மாமா.

பெரிய மாமா: பீடிங் அழகுக்கு மட்டும் இல்லை. சாரல் நேரத்தில் மரம் அகலத்தில் ஊதும், நீளத்தில் அவ்வளவாக நீளாது. அதனால் 15 அடிச் சுவர் இரண்டிலும் கால் அங்குலம் விட்டு அடிக்கச் சொல். அந்த இடுக்கை பீடிங் மறைத்துவிடும். இறக்கிய பலகையையும் நாலு நாள் அறைக்குள்ளேயே அடுக்கி வைத்துவிட்டு அப்புறம் அடிக்கட்டும்.

மாலை

நான்: கடைக்குப் போனேன். பையன் டேப்பை நாக்கிலிருந்து பிடித்தான். 10 அடிப் பலகை ஐந்து சதுர அடி, 500 ரூபாய் என்றான்.

புனலூர் அத்தான்: அது மில்லைவிட மோசம். இங்கே 480.

நான்: அதையேதான் சொன்னேன். நாக்கை எந்த மச்சில் பார்த்தீர்கள் என்று கேட்டேன். உள்ளேயிருந்து முதலாளி வந்துவிட்டார். சதுர அடி விலை என்றால் போட்ட அளவுதான், முகம் ஐந்தரைக்குத்தான் பில் என்று பையனை அதட்டினார். ஒரு பலகை 458 ரூபாய்.

பெரிய மாமா: சபாஷ். 43 பலகைக்கு?

நான்: 19,694. மில்லில் 20,640 ஆகியிருக்கும். மலை இறங்கி வர வண்டி வாடகை வேறு.

அண்ணன்: 20 ஆயிரம் போட்டுவிட்டேன். பீடிங்குக்கும் உத்தரத்துக்கும் தனியாகச் சொல்.

பெரிய மாமா: பில்லில் ‘முகம் ஐந்தரை’ என்று எழுதி வாங்கினாயா?

நான்: எழுதி வாங்கிவிட்டேன். இறக்கும்போது நாலைந்து பலகையை அளந்துவிட்டுத்தான் கையெழுத்துப் போடுவேன். புதன்கிழமை வண்டி.

அம்மா: 🎤 குரல் செய்தி (0:12)

நான்: கொட்டகைக்கு நாலு போதாதாம், ஆறு வேண்டுமாம்.