எசிங்டன் துறையில் புளியமரம்

ஆஸ்திரேலியாவின் வடகோடியில் இருக்கும் டார்வினுக்கு வேலைக்கு வந்து ஏழாவது வருடம்தான், ஆங்கிலேயர்கள் கைவிட்டுப் போன விக்டோரியா குடியிருப்பின் இடிபாடுகளைப் பார்க்க வாய்த்தது. கோபர்க் தீபகற்பத்தில், போர்ட் எசிங்டன் துறையின் உள்கரையில் இருக்கிறது. அதுவரை போக ரோடு கிடையாது. பிளாக் பாயின்ட்டிலிருந்து படகு பிடித்தோம். அக்டோபர் மாதம், மழை இறங்கப் பார்க்கும் புழுக்கம். சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டது. முதலை பயத்தில் தண்ணீரில் கால்கூட நனைக்க முடியாது.

1838-ல் ஆங்கிலேயர்கள் வந்து இறங்கியதும் இதே அக்டோபரில்தான். இதை இன்னொரு சிங்கப்பூர் ஆக்கிவிடலாம் என்று நம்பினார்கள். அடுத்த வருடம் நவம்பரில் அடித்த புயல் வீடுகளைச் சாய்த்து, பெலோரஸ் என்ற போர்க்கப்பலையே கரையில் ஏற்றிவிட்டது. அப்புறம் கரையான், மலேரியா. எதிர்பார்த்த வணிகக் கப்பல்களும் வரவில்லை. 1849-ல் எல்லாவற்றையும் விட்டுவிட்டுப் போனார்கள்.

மரங்களுக்கு நடுவே திருமணமான சிப்பாய்கள் குடியிருந்த வீடுகளின் புகைபோக்கிகள் நிற்கின்றன. வட்டமான கல் புகைபோக்கிகள், இங்கிலாந்தின் கார்ன்வால் பக்கத்துப் பாணி. நிழலிலேயே வியர்த்து ஊற்றும் ஊரில், ஒவ்வொரு வீட்டிலும் ஊர் ஞாபகமாக ஓர் அடுப்பு! நான் அதிக நேரம் நின்றது அங்கேதான். கல்லறைப் பக்கம் அவ்வளவு நேரம் நிற்க முடியவில்லை. ஓர் அதிகாரியின் மனைவியான எம்மா லாம்ப்ரிக்கும் அங்கே கிடக்கிறார். எவ்வளவு தூரத்தில் வந்து போய்ச் சேர்ந்திருக்கிறார்!

ஆனால் என் மனதில் நிற்பது வேறு. ஆங்கிலேயர்களுக்கு முன்பே, இந்தோனேசியாவின் மக்காசர் மாலுமிகள் கடல் அட்டை (கடலடியில் ஊரும் ஒரு பிராணி) எடுக்க இந்தக் கரைக்கு வருடாவருடம் வந்துகொண்டிருந்தார்கள். டிசம்பர் வாக்கில் வடமேற்குக் காற்றோடு வருவார்கள். அட்டையை வேகவைத்து, புகையில் உலர்த்திக்கொண்டு, காற்று திரும்பியதும் கிளம்பிவிடுவார்கள். என் அப்பாவின் ஊர் பாம்பன் பக்கம். கடல் அட்டை என்றதும் எனக்கு அந்த வாடையே வந்துவிட்டது. கரையின் பூர்வகுடிகள் அவர்களோடு பண்டம் மாற்றினார்கள், சிலர் கூடவே மக்காசருக்கும் போய்வந்தார்கள். காற்றைப் பார்த்து வந்துபோனவர்களுக்கு இந்த இடம் பிழைப்பு தந்திருக்கிறது. வருடம் முழுக்க உட்கார நினைத்தவர்களைத்தான் பதினோரு வருடத்தில் துரத்தியிருக்கிறது. எனக்கு அப்படித்தான் படுகிறது.

மக்காசர்காரர்கள் போட்ட விதைகளிலிருந்து வந்த புளியமரங்கள் இந்த வடகரை நெடுக இன்னும் இருக்கின்றன. திரும்பும் வழியில் படகோட்டி ஒன்றைக் காட்டினார். கீழே உதிர்ந்து கிடந்த ஒரு பழத்தை உடைத்து நாக்கில் வைத்தேன். நம் ஊர்ப் புளியேதான்.