வட சென்டினல் தீவு: இன்னும் எத்தனை காலம் மூடி வைப்பது?

திசைமானி:
2025 மார்ச் கடைசியில் 24 வயது அமெரிக்கர் ஒருவர் காற்றடைத்த படகில் தனியாகப் போய், வெளியாட்களை அண்டவிடாத பழங்குடியினர் வாழும் அந்தமானின் வட சென்டினல் தீவுக் கரையில் இறங்கினார். ஒரு தேங்காயையும் ஒரு டயட் கோக் டின்னையும் மணலில் வைத்தார், வீடியோ எடுத்தார், திரும்பி வந்து கைதானார். அவரை எல்லோரும் திட்டியாகிவிட்டது. அந்த ஆளுக்கு வக்காலத்து வாங்க நான் வரவில்லை. என் கேள்வி வேறு.

1956-இல் வந்த பழங்குடியினர் பாதுகாப்பு ஒழுங்குமுறை இன்றும் நடப்பில் இருக்கிறது. தீவைச் சுற்றி 5 கடல் மைல் வரை யாரும் போகக் கூடாது. உள்ளே எத்தனை பேர் இருக்கிறார்கள்? 2001 மக்கள்தொகைக் கணக்கு 39 என்றது, 2011 கணக்கு 15 என்றது. இரண்டுமே தூரத்தில் படகில் நின்று, கரையில் கண்ணுக்குத் தெரிந்தவர்களை எண்ணியதுதான். எத்தனை பேர் என்றே தெரியாதவர்களை 'பாதுகாக்கிறோம்' என்று எப்படிச் சொல்கிறோம்? சுற்றுலாப் பயணிகள் வேண்டாம், மதப் பிரசாரகர்கள் வேண்டாம், சரி. மருத்துவர்களும் மானுடவியலாளர்களும் கொண்ட சின்னக் குழு நிதானமாகப் பழக முயற்சி செய்வதில் என்ன தப்பு?

அபர்தீன்வாசி:
நான் போர்ட் பிளேரில் இருப்பவள். (2024-இல் ஸ்ரீ விஜயபுரம் என்று பெயர் மாற்றிவிட்டார்கள். வாயில் இன்னும் பழைய பெயர்தான் வருகிறது.) திசைமானி சொல்கிற 'நிதானமான பழக்கம்' எங்கள் தீவுகளில் ஏற்கெனவே நடந்து முடிந்த கதை.

பெரிய அந்தமானியர் என்று பல குழுக்களாக இருந்த மக்கள், 1858-இல் ஆங்கிலேயர் கைதிகள் குடியிருப்பு அமைத்தபோது சில ஆயிரம் பேர். அவர்களைப் பழக்கப்படுத்துவதற்கென்றே 'அந்தமான் இல்லம்' என்று விடுதிகள் கட்டினார்கள். 1877-இல் தட்டம்மை பரவியது, அதோடு மேகநோயும். 1901 கணக்கில் 625 பேர், 1961-இல் 19 பேர். 2010-இல் போவா சீனியர் என்ற மூதாட்டி இறந்தபோது அகா-போ மொழி பேச உலகத்தில் வேறு ஆளே இல்லை.

சென்டினலிலும் இதே வேலையைச் செய்து பார்த்தார்கள். 1880-இல் மாரிஸ் போர்ட்மன் என்ற அதிகாரி ஆட்களோடு போய் ஒரு வயதான தம்பதியையும் நான்கு குழந்தைகளையும் பிடித்துக்கொண்டு வந்தார். எல்லோருக்கும் நோய் வந்தது. பெரியவர்கள் இருவரும் இறந்துபோனார்கள். குழந்தைகளைப் பரிசுப் பொருள்களோடு கொண்டுபோய் விட்டார்கள். அவர்களோடு என்ன கிருமி போனது, அதற்கப்புறம் உள்ளே எத்தனை பேர் செத்தார்கள் என்று யாரும் எழுதி வைக்கவில்லை. அந்தக் கரையிலிருந்து இன்றும் அம்பு வருவதில் எனக்கு ஆச்சரியமே இல்லை.

கருங்குயில்:
அக்கா சொன்னதற்கு மேல் என்ன இருக்கிறது? இந்த விவாதத் திரியைப் பூட்டிவிடலாம்.

திசைமானி:
பூட்ட வேண்டாம் நண்பரே, இப்போதுதான் ஆரம்பித்திருக்கிறோம்.

அக்கா, 1880-ஐயும் இன்றையும் ஒரே தட்டில் வைக்கிறீர்கள். அது ஆள் பிடிப்பு. 1991-ஐப் பாருங்கள். மானுடவியலாளர் மதுமாலா சட்டோபாத்யாய் இருந்த குழு ஜனவரியில் கப்பலில் போய்த் தேங்காய்களை நீரில் மிதக்க விட்டது. சென்டினல் மக்கள் தண்ணீரில் இறங்கி வந்து எடுத்தார்கள், பிறகு கையிலிருந்தே வாங்கிக்கொண்டார்கள். 1967-இலிருந்து திரிலோக்நாத் பண்டிட் போன்றவர்கள் போய்ப் போய் வந்ததன் பலன் அது. அதற்குள் 1990-களின் நடுவில் பயணங்களையே நிறுத்திவிட்டார்கள்.

அப்புறம் அந்தமானின் இன்னொரு பழங்குடியான ஜராவா. 1996-இல் கால் முறிந்து கிடந்த ஜராவா சிறுவன் ஒருவனை போர்ட் பிளேர் மருத்துவமனையில் சேர்த்துக் குணப்படுத்தித் திருப்பி அனுப்பினார்கள். மறு வருடமே ஜராவாக்கள் வில் அம்பு இல்லாமல் வெளியே வரத் தொடங்கினார்கள். 2001-இல் 240 பேராக இருந்தவர்கள் 2011-இல் 380 ஆனார்கள். பழகினால் அழிந்துவிடுவார்கள் என்பதுதான் உங்கள் வாதம் என்றால், இந்தக் கணக்குக்கு என்ன பதில்?

அபர்தீன்வாசி:
பதில் இருக்கிறது. 240, 380 இரண்டையும் சொன்னீர்கள், நடுவில் இருந்ததைச் சொல்லவில்லை. வெளியே வரத் தொடங்கிய கொஞ்ச நாளிலேயே, 1999-இல், ஜராவாக்களுக்குத் தட்டம்மை வந்தது. 2006-இல் மறுபடியும். சாகாமல் தப்பியது எப்படி? அவர்கள் காட்டின் ஊடே போகும் அந்தமான் டிரங்க் சாலை இருந்தது, வண்டி இருந்தது, மருத்துவமனைக்குக் கொண்டுவர முடிந்தது, அவர்களும் வரச் சம்மதித்தார்கள். 2004-இல் ஜராவாக்களுக்காக வந்த அரசுக் கொள்கையும் 'முடிந்தவரை தலையிடாதே' என்றுதான் சொல்கிறது. அதோடு அவர்களுக்கு ஆயிரம் சதுர கிலோமீட்டருக்கு மேல் காடு இருக்கிறது. சென்டினல் மொத்தமே சுமார் 60. அங்கே தட்டம்மை போனால் ஒதுங்கி நிற்க இடம் கிடையாது, மருந்தோடு போகிறவர்மேல் அம்பு விழும். உங்கள் மருத்துவக் குழு தான் கொண்டுபோன நோய்க்கே வைத்தியம் பார்க்க முடியாமல் கப்பலில் நின்றுகொண்டிருக்கும்.

ஜராவாக்களுக்கு அந்தச் சாலை வேறு என்ன கொடுத்தது தெரியுமா? ஜிர்காடாங் சோதனைச் சாவடியிலிருந்து வண்டிகளை வரிசையாக விடுவார்கள். நிறுத்தாதே, படம் எடுக்காதே, எதுவும் கொடுக்காதே என்று பலகை இருக்கும். நானே போயிருக்கிறேன். முன் இருக்கைக்காரர் பிஸ்கட் பொட்டலத்தை மடியில் தயாராக வைத்திருந்தார். சொன்னால் முறைக்கிறார். 2012-இல் ஜராவாப் பெண்களை உணவு காட்டி ஆட வைத்த வீடியோ உலகம் முழுக்கப் போனதே, அது இந்தச் சாலை விவகாரம்தான். 2002-இல் உச்ச நீதிமன்றம் மூடச் சொன்ன சாலை அது.

1991 பற்றியும் ஒன்று. தேங்காயை வாங்கியவர்கள் 'கரைக்கு வா' என்று கூப்பிடவில்லை. அன்றைக்கே ஒருவன் அம்பு எய்யப் பார்த்தான், ஒரு பெண் தள்ளிவிட்டுத் தடுத்தாள். தேங்காய் வேண்டும், நீங்கள் வேண்டாம்.

நெய்தல்:
இரண்டு பேருமே அரசாங்கத்தை ரொம்ப நல்ல பிள்ளையாக நினைத்துக்கொண்டு பேசுகிறீர்கள். 2018 ஆகஸ்டில் வெளிநாட்டினருக்கான தடைப்பகுதி அனுமதிச் சீட்டு தேவையில்லை என்று 29 தீவுகளை அறிவித்தார்கள். அதில் வட சென்டினலும் இருந்தது! பழங்குடியினர் ஒழுங்குமுறை அப்படியே இருக்கிறது, அதனால் யாரும் போக முடியாது என்று பின்னால் விளக்கம் சொன்னார்கள். அப்படியானால் பட்டியலில் ஏன் சேர்த்தார்கள்? அந்த நவம்பரிலேயே ஜான் ஆலன் சாவ் என்ற அமெரிக்க மதப் பிரசாரகர் மீனவர்களுக்கு 25,000 ரூபாய் கொடுத்து ராத்திரியில் தீவுக்குப் போய்ச் செத்தார். கூட்டிப்போன மீனவர்கள் கைதானார்கள்.

என் அண்ணன் டிங்கி என்ற சின்னப் படகில் மீன்பிடிக்கிறவர். அவருக்குத் தெரிந்து, அந்தப் பக்கம் கடல் அட்டைக்கும் சிங்கி இறாலுக்கும் திருட்டுத்தனமாகப் போகிறவர்கள் எப்போதும் உண்டு. 2006-இல் இப்படி நண்டு பிடிக்கப் போன இரண்டு பேரின் படகு, நங்கூரம் பிடிக்காமல் தூக்கத்திலேயே கரை ஒதுங்கி, இருவரும் கொல்லப்பட்டார்கள். உடல்களை எடுக்கப் போன ஹெலிகாப்டரையும் அம்பு விட்டுத் துரத்தினார்கள். ஆக, தீவு காகிதத்தில்தான் மூடியிருக்கிறது. மூடலாமா திறக்கலாமா என்று கேட்பதற்கு முன்னால், இப்போது யார் காவல் காக்கிறார்கள் என்று கேளுங்கள்.

கருங்குயில்:
சாவ் 13 தடுப்பூசி போட்டு, தன்னைத்தானே தனிமைப்படுத்திக்கொண்டு போனதாகப் படித்தேன். அவராவது அந்த அக்கறை காட்டினார் என்று ஒரு கோஷ்டி சொல்கிறது.

அபர்தீன்வாசி:
ஊசி போட்டவருக்குத்தான் பாதுகாப்பு. நமக்கு வெறும் ஜலதோஷமாக இருப்பதற்கு ஊசியே கிடையாது, அதுவே அவர்களுக்கு என்ன செய்யும் என்று எந்த டாக்டராலும் உறுதி சொல்ல முடியாது.

திசைமானி:
சரி, ஜராவா உதாரணம் சென்டினலுக்கு அப்படியே பொருந்தாது என்கிறீர்கள், இருக்கட்டும். ஆனால் 'அவர்கள் விருப்பம்' என்று சொல்வதில் எனக்கு இடிக்கிறது. நூறு வருடத்துக்கு முந்தைய பயத்தால் எய்யும் அம்பை, எல்லாம் தெரிந்து எடுத்த முடிவு என்று எப்படி எடுத்துக்கொள்வது? வெளியே மருந்து இருக்கிறது என்பதே தெரியாதவர்கள் மருந்து வேண்டாம் என்று சொன்னதாக ஆகாது. நாளைக்கு உள்ளே ஒரு குழந்தை சாதாரணக் காய்ச்சலில் செத்தால், அது நமக்குத் தெரியவே தெரியாது. தெரியாததால்தான் நிம்மதியாக இருக்கிறோம்.

நெய்தல்:
ஒன்றும் தெரியாதவர்கள் இல்லை அவர்கள். 1981-இல் பிரிம்ரோஸ் என்ற சரக்குக் கப்பல் அங்கே பவளப்பாறையில் தட்டி நின்றது. மாலுமிகளை ஹெலிகாப்டரில் காப்பாற்றினார்கள். அந்தக் கப்பல் இரும்பை எடுத்து அம்பு முனை அடித்துக்கொண்டார்கள். எது வேண்டும், எது வேண்டாம் என்று பொறுக்கத் தெரிந்தவர்கள்தான். 2004 சுனாமிக்கு அப்புறம் பார்க்கப் போன ஹெலிகாப்டரைக் கரையில் நின்று ஒருத்தர் அம்பால் குறிவைத்த படம் எல்லோருக்கும் தெரியும். பவளப்பாறையே மேலே எழும்பி, மீன்பிடித்த இடமெல்லாம் வறண்டுபோன நேரம் அது. அப்போதும் உதவி கேட்கவில்லை.

திசைமானி:
உதவி என்று ஒன்று வரும் என்றே தெரியாதவர்கள் எப்படிக் கேட்பார்கள்? நான் அங்கேயேதான் நிற்கிறேன். சரி, தொடர்பு வேண்டாம் என்றே வைத்துக்கொள்வோம். கடலோரக் காவல் படை வருடம் எத்தனை முறை சுற்றியது, எத்தனை படகு பிடித்தது, கரையில் எத்தனை பேர் தெரிந்தார்கள் என்றாவது வருடாவருடம் வெளியிடட்டும். இதற்கும் ஆட்சேபணையா?

அபர்தீன்வாசி:
படகுக் கணக்கை வெளியிடட்டும், நெய்தல் சொன்னதற்கு அது பதிலாக இருக்கும். கரையில் எத்தனை பேர், எந்தப் பக்கம் தெரிந்தார்கள் என்பதை வெளியிடாதீர்கள். அடுத்த யூடியூப்காரனுக்கு அதுதான் வழிகாட்டி.

நெய்தல்:
படகுக் கணக்கிலும் ஒரு திருத்தம். பிடிபட்ட டிங்கிகளை மட்டும் எழுதினால் போதாது. கூலிக்கு ஓட்டினவன் ஜெயிலுக்குப் போகிறான், கடல் அட்டையை வாங்குகிற வியாபாரி கடையில் உட்கார்ந்திருக்கிறான். அவன் பெயரும் அந்தக் கணக்கில் வரட்டும்.