‘கூட்டுத் தனிப்பாடல்’ சரியா? – ஒரு கலைச்சொல் விவாதம்

கேள்வி (சேலம்)

நண்பர்களுக்கு வணக்கம். ‘பிளாக் பேந்தர்’ என்ற ஹாலிவுட் படத்துக்காக ராப் பாடகர் கெண்ட்ரிக் லமாரும் பாடகி சிஸாவும் சேர்ந்து செய்த ‘ஆல் தி ஸ்டார்ஸ்’ பாட்டைப் பற்றித் தமிழில் கட்டுரை எழுதுகிறேன். முதல் வரியிலேயே முட்டிக்கொண்டு நிற்கிறது. ‘கொலாபரேட்டிவ் பாப்-ராப் சிங்கிள்’ (பலர் சேர்ந்து செய்து, தனியாக வெளியிட்ட பாப்-ராப் பாட்டு) என்பதற்கு என்ன எழுதுவது? இப்போதைக்குக் ‘கூட்டுத் தனிப்பாடல்’ என்று வைத்திருக்கிறேன். படித்துப் பார்த்த தங்கை, “கூட்டா, தனியா, ஏதாவது ஒன்றைச் சொல்” என்கிறாள். வேறு சொல் உண்டா?

மறுமொழி (மதுரை)

வணக்கம் தம்பி. தங்கை கேட்டது நியாயம்தான். ‘தனிப்பாடல்’ என்றதும் எனக்குக் காளமேகப் புலவர்தான் நினைவுக்கு வருகிறார். சினிமாப் பக்கம் போனால் அதற்கு ஒருவரே பாடியது என்று பொருள். ஆனால் சிங்கிளில் தனியாக நிற்பது பாடகர் இல்லை, வெளியீடு. 1949இல் ஆர்.சி.ஏ. விக்டர் நிறுவனம் 7 அங்குல இசைத்தட்டைக் கொண்டுவந்தது. நிமிடத்துக்கு 45 சுற்று, பக்கத்துக்கு ஒரு பாட்டு. முழுத் தொகுப்புக்கும் காசு கொடுக்காமல் பிடித்த பாட்டை மட்டும் வாங்கிப் போகலாம். தட்டு போய் இணையம் வந்த பிறகும் அந்தப் பழக்கம் விடவில்லை. எனவே ‘தனிவெளியீடு’ என்று சொல்லலாம். பத்துப் பேர் சேர்ந்து பாடினாலும் இந்தச் சொல் இடிக்காது. (‘சிங்கிள்’ என்றே விட்டுவிடலாமே என்பவர்களுக்கு: அந்தச் சொல்லை டீக்கடைக்காரரும் கல்யாணமாகாத பையன்களும் ஏற்கெனவே பங்கு போட்டுக்கொண்டுவிட்டார்கள்.)

நீங்கள் எழுதும் பாட்டு 2018 ஜனவரி 4 அன்று வந்தது. தொகுப்பு பிப்ரவரி 9, படம் அமெரிக்கத் திரையரங்குகளில் பிப்ரவரி 16. தொகுப்புக்கு முன்னால் ஆவலைக் கிளப்ப விடும் இந்த மாதிரிப் பாட்டை ‘முன்வெளியீடு’ எனலாம்.

அடுத்தது ‘கூட்டு’. கூட்டுப்பாடல் என்றால் பள்ளிக்கூடத்தில் வரிசையாக நின்று பாடுவதுதான் கண்முன் வருகிறது. இங்கே நடப்பது வேறு. பல்லவி சிஸாவுடையது. ஒரு சரணத்தை லமார் ராப்பாகச் சொல்கிறார், இன்னொன்றைச் சிஸா பாடுகிறார். ஆளுக்கொரு பங்கு, இருவரும் சமம். அதனால் ‘இணைப்பாடல்’ என்பேன். மலேசியத் தமிழர்கள் ராப்பைச் ‘சொல்லிசை’ என்கிறார்கள், அருமையான சொல். இரண்டையும் சேர்த்தால் ‘சொல்லிசை இணைப்பாடல்’ கிடைக்கிறது.

மறுமொழி (யாழ்ப்பாணம்)

ஐயாவின் ‘தனிவெளியீடு’ எனக்குச் சம்மதம். சொல்லிசையை உள்ளே வைத்துப் பூட்டுவதில்தான் சிக்கல். அதே 2018 அக்டோபரில் போஸ்ட் மலோனும் ஸ்வே லீயும் ‘சன்ஃபிளவர்’ பாட்டை வெளியிட்டார்கள், ‘ஸ்பைடர்-மேன்: இன்டு தி ஸ்பைடர்-வெர்ஸ்’ படத்துக்காக. இருவரும் ராப் உலகத்து ஆட்கள்தான். ஆனால் அந்தப் பாட்டில் யார் சொல்கிறார், யார் பாடுகிறார் என்று கோடு போட முடியுமா? கிட்டத்தட்ட முழுவதும் பாட்டாகவே போகிறது. கிராமி இசை விருதுக்காரர்களே ‘ஆல் தி ஸ்டார்ஸ்’ பாட்டை ராப்-பாடல் பிரிவில் பரிந்துரைத்தார்கள், ‘சன்ஃபிளவர்’ பாட்டைப் பாப் இணை அல்லது குழுப் பிரிவில் போட்டார்கள்.

அந்த ராப்-பாடல் பிரிவின் கதையும் வேடிக்கையானது. 2002இல் முதல் விருது கொடுத்தபோது அதன் பெயரில் ‘கொலாபரேஷன்’ (கூட்டு) இருந்தது. அப்புறம் ஒரே ஆள் ராப்பும் சொல்லிப் பாட்டும் பாடத் தொடங்கியதும் 2017இல் அதை எடுத்துவிட்டு ‘பெர்ஃபார்மன்ஸ்’ ஆக்கினார்கள். 2021இல் அதுவும் போய் ‘மெலடிக் ராப்’ வந்தது. ஆங்கிலத்திலேயே பெயர் நிலைக்கவில்லை. நாம் ஏன் ஒரே சொல்லுக்குள் எல்லாவற்றையும் அடைக்க வேண்டும்?

‘பாப்’ பற்றி ஒரு வார்த்தை. எங்கள் பக்கத்தில் ‘பொப்பிசை’ ஊறிப்போன சொல். ஏ.ஈ. மனோகரனைப் பொப்பிசைச் சக்கரவர்த்தி என்றுதான் சொல்வோம். நீங்கள் ‘பாப்பிசை’ என்று எழுதினாலும் எங்களுக்குப் புரியும், சண்டைக்கு வரமாட்டோம்.

மறுமொழி (மதுரை)

சரி, பிரித்தே வைப்போம். எத்தனை பேர், என்ன உறவு என்பதற்கு ‘இணைப்பாடல்’. எப்படி ஒலிக்கிறது என்பதற்குச் சொல்லிசையோ பாப்பிசையோ அடைமொழியாக முன்னால் வரட்டும். ஒருவர் பாட்டுக்கு இன்னொருவர் வந்து நாலு வரி தந்துவிட்டுப் போகும் ‘ஃபீச்சரிங்’ இதில் சேராது. படத்தில் ‘சிறப்புத் தோற்றம்’ என்று போடுகிறோமே, அதேபோல் அதைச் ‘சிறப்புக் குரல்’ எனலாம்.

ஆனால் தம்பி, உங்கள் வாசகர் தடுமாறப் போவது இங்கெல்லாம் இல்லை. ‘திரைப்படப் பாடல்’ என்று எழுதினீர்களோ, கதாநாயகன் வாயசைப்பான், ஒரே இசையமைப்பாளர்தான் எல்லாம் செய்தார் என்று நம் ஆட்கள் முடிவுகட்டிவிடுவார்கள். ‘பிளாக் பேந்தர்’ படத்தின் பின்னணி இசை லுட்விக் யோரான்சனுடையது, ஆஸ்கர் வாங்கியது. லமார் பொறுப்பேற்றுத் தொகுத்தது 14 பாட்டுகள் கொண்ட வேறொரு தொகுப்பு. ‘படத்திலிருந்தும் படத்தின் தூண்டுதலாலும்’ என்று அதன் அட்டையிலேயே போட்டிருக்கிறது. பெரும்பாலான பாட்டுகள் படத்தில் வரவே இல்லை. ‘ஆல் தி ஸ்டார்ஸ்’ வருவதும் படம் முடிந்து பெயர்கள் ஓடும்போதுதான். ‘சன்ஃபிளவர்’ நிலைமை நேர்மாறு. படத்தின் தொடக்கத்திலேயே கதாநாயகன் மைல்ஸ் காதில் ஹெட்போனோடு வரிகள் பாதி தெரியாமல் கூடவே முனகுகிறான். அது கதைக்குள் ஒலிக்கும் பாட்டு.

படத்துக்காகவே செய்தாலும் படத்துக்கு வெளியே தன் காலில் நிற்கும் இந்த வகைக்குத் ‘திரைத்துணைப் பாடல்’ என்று பெயர் வைக்கலாம். தொகுப்புக்குத் ‘திரைத்துணைத் தொகுப்பு’. இந்த ஒன்றை மட்டும் விட்டுவிடாதீர்கள். மற்றச் சொற்கள் மாறினாலும் கட்டுரை பிழைத்துக்கொள்ளும்.

கேள்வி கேட்டவர் (சேலம்)

இருவருக்கும் நன்றி. முதல் வரி இப்போது இப்படி: “கெண்ட்ரிக் லமாரும் சிஸாவும் ‘பிளாக் பேந்தர்’ படத்தின் திரைத்துணைத் தொகுப்புக்காக உருவாக்கிய சொல்லிசை-பாப்பிசை இணைப்பாடலான ‘ஆல் தி ஸ்டார்ஸ்’, 2018 ஜனவரியில் தனிவெளியீடாக வந்தது.”

மறுமொழி (யாழ்ப்பாணம்)

நன்றாக இருக்கிறது, வாக்கியம்தான் கொஞ்சம் நீளம். ‘இணைப்பாடலான’ வரைக்கும் ஒரு வாக்கியமாக முடித்து, வெளியான தேதியை அடுத்ததில் வையுங்கள். ‘தனிவெளியீடு’ என்பதை எப்போதும் சேர்த்தே எழுதுங்கள். இடைவெளி விட்டால் யாரோ சொந்தக் காசில் அச்சடித்த புத்தகம் என்று நினைத்துக்கொள்வார்கள்.