புதுப்பிப்பு: நன்கொடைப் பக்கம் ஏன் பாதியில் நின்றது

எங்கள் அறக்கட்டளையின் நன்கொடைப் பக்கத்தைப் பார்வையற்ற நண்பர் ஒருவர் பாதியிலேயே மூடிவிட்டார், காரணம் தெரியவில்லை என்று எழுதியிருந்தேன். கண்டுபிடித்துவிட்டோம். தொகையைத் தேர்ந்தெடுக்கும் நான்கு பொத்தான்களும் வெறும் படங்கள். படம் எதைக் குறிக்கிறது என்று சொற்களில் சொல்லும் மாற்று உரை இல்லை. திரையில் உள்ளதைக் குரலில் படித்துச் சொல்லும் திரைவாசிப்பான் நான்கு முறையும் "பொத்தான்" என்று மட்டுமே சொல்லியிருக்கிறது. எவ்வளவு என்றே தெரியாமல் யார் பணம் கட்டுவார்கள்?

கூடவே இன்னொன்றும் அகப்பட்டது. வெள்ளைப் பின்னணியில் வெளிர்சாம்பல் எழுத்து. மாற்றுத்திறனாளிகளும் பயன்படுத்தும்படி இணையப் பக்கங்களை அமைப்பதற்கான டபிள்யூ.சி.ஏ.ஜி. நெறிமுறையின் ஏஏ (நடு) நிலை, சாதாரண அளவு எழுத்துக்கும் பின்னணிக்கும் இடையே கேட்கும் குறைந்தபட்ச ஒளிர்வு வேறுபாடு 4.5:1, எங்களுடையது 3:1-ஐக்கூட எட்டவில்லை. (அந்தச் சாம்பலை விரும்பித் தேர்ந்தெடுத்தவன் நானே.)

இரண்டையும் திருத்தினோம். நேற்று நண்பர் விசைப்பலகையாலேயே பணம் செலுத்தி, ரசீதை எனக்கு அனுப்பினார். படிவத்தில் தவறு நேர்ந்தால் அதை மட்டும் பக்கம் இன்னும் சிவப்பு நிறத்தால்தான் காட்டுகிறது, சொற்களில் சொல்வதில்லை. அடுத்து அதுதான்.