கடலூர் வெயிலில் பிலிம் கழுவியது: முதல் ரோல் முழுக்கப் பால்போல் திட்டு

மஞ்சக்குப்பம்:
வணக்கம். சித்தப்பாவின் யாஷிகா எலக்ட்ரோ 35 கேமராவில் ஒரு ஹெச்பி5 கறுப்பு-வெள்ளை பிலிம் ரோல் எடுத்து, போன ஞாயிறு வீட்டிலேயே கழுவினேன். முதல் தடவை. பிலிம் கழுவும் டேங்க் புதுச்சேரி ஞாயிறு சந்தையில் வாங்கியது. படத்தைத் தோன்றவைக்கும் டெவலப்பர் டி-76 பாதி, தண்ணீர் பாதி, சார்ட்டில் இருந்தபடி 11 நிமிடம். பிக்சருக்கு (தோன்றிய படத்தை நிலைக்கவைக்கும் கரைசல்) ஹைப்போ உப்பு 100 கிராமை ஒரு லிட்டரில் கரைத்து 5 நிமிடம் வைத்தேன். தண்ணீர் எல்லாம் மாடித் தொட்டியில் பிடித்தது, தெர்மாமீட்டர் 31 டிகிரி காட்டியது.

நெகட்டிவ் கன்னங்கரேலென்று இருக்கிறது. அதோடு நெடுக வெள்ளைத் திட்டு, பால் சிந்திக் காய்ந்த மாதிரி. ஆயா திண்ணையில் உட்கார்ந்திருக்கும் நான்கு படங்கள் இதில்தான் உள்ளன. அந்தத் திண்ணையைச் சித்திரையில் இடித்துவிட்டோம், திரும்ப எடுக்க வழியில்லை. ஏதாவது செய்ய முடியுமா?

லாஸ்பேட்டை:
முடியும். பால் திட்டு என்றால் பிக்சர் போதவில்லை என்று அர்த்தம். நல்ல பிக்சர் கலந்து மறுபடி போடுங்கள், திட்டு போய்விடும். பகல் வெளிச்சத்திலேயே செய்யலாம். தள்ளிப்போட வேண்டாம்.

முத்தியால்பேட்டை ஸ்டுடியோ:
தம்பி, இருபத்திரண்டு வருடம் ஸ்டுடியோ இருட்டறையில் இருந்தவன் நான். அதிகம் கழுவியது ஊட்டியிலிருந்து வந்த 'இந்து' பிராண்டு பிலிம்.

100 கிராம் ஹைப்போ எந்த மூலைக்கு? லிட்டருக்கு 250 கிராம் வேண்டும், பத்து நிமிடம் வேண்டும். ஹைப்போ கரையும்போது சூட்டை இழுத்துக்கொள்ளும், பாத்திரத்தைத் தொட்டால் சில்லென்று இருக்கும், வெளியே வியர்த்துக்கூட விடும். அதனால் வெந்நீரில் கரைத்து ஆறவிடுங்கள். அடுத்த ரோலில் படம் விழாத முன்பகுதியான லீடர் துண்டை வெட்டி முதலில் அதில் போட்டுப் பாருங்கள். எத்தனை நிமிடத்தில் கண்ணாடிபோல் தெளிகிறதோ, அதைப்போல் இரண்டு மடங்கு பிலிமுக்கு.

கறுத்தது சூட்டினால். சார்ட்டில் உள்ள 11 நிமிடம் 20 டிகிரிக்கு உரியது. 31-இல் ஐந்து நிமிடத்துக்குள் ஆகிவிடும். சரி, நேரத்தைக் குறைத்தால் போதாதா என்றால், ஐந்துக்கும் கீழே போனால் டெவலப்பர் சீராகப் பரவாது, வானம் வரும் இடமெல்லாம் கோடு கோடாக நிற்கும். தண்ணீரைக் குளிர்வித்துத்தான் ஆக வேண்டும். ஆனால் 20-க்கு இறக்கப் பாடுபடாதீர்கள். நம் ஊரில் டெவலப்பரை மட்டும் 20-க்குக் கொண்டுவந்துவிட்டு, அலசுவதற்குத் தொட்டித் தண்ணீரைத் திறந்துவிடுவார்கள். சூட்டில் பிலிம் மேலிருக்கும் ஜெலட்டின் ஊறி மெத்தென்று ஆகிவிடும், நகம் பட்டாலே கீறும். 24 டிகிரி, ஏழரை நிமிடம். டெவலப்பர், பிக்சர், அலசும் தண்ணீர் மூன்றும் அதே 24.

துணி ஊறவைக்கும் டப்பில் தண்ணீர் ஊற்றி, ஃபிரீசரில் உறைந்த பாட்டில் இரண்டைப் போட்டு, கெமிக்கல் பாட்டில்களை அதில் நிறுத்துங்கள். டெவலப்பருக்குள் ஐஸ் கட்டி போடவே கூடாது, நீர்த்துவிடும். நாங்கள் மண்பானைத் தண்ணீர் வைத்திருந்தோம். கடல்காற்றில் ஈரம் அதிகம் என்பதால் உள்நாட்டில்போல் பானை இங்கே குளிராது, இருந்தாலும் கொஞ்சம் இறக்கிக் கொடுக்கும், ஐஸ் வேலை குறையும். அலச ஓடும் குழாய் வேண்டியதில்லை. டேங்கில் மூன்று முறை தண்ணீர் மாற்றி, முதலில் 5, அப்புறம் 10, அப்புறம் 20 தடவை கவிழ்த்து நிமிர்த்துங்கள். வெறும் ஹைப்போ என்பதால் இன்னொரு சுற்றும் செய்துவிடுங்கள்.

மறுபடி பிக்சரில் போடுவதால் கறுப்பு குறையாது. பிரிண்ட் போடும்போது வெளிச்சத்தைக் கூட்டிக்கொள்ளலாம், முகம் வரும்.

நெல்லிக்குப்பம்:
போர் தண்ணீரில் கடைசியாக அலசினால் காய்ந்ததும் உப்புப் பூத்து நிற்கும், அதைத் துடைக்கப் போய்க் கீறல் விழும். மெக்கானிக் கடையில் விற்கும் பேட்டரி தண்ணீர் ஒரு லிட்டர் வாங்கி அதில் முக்கி எடுங்கள் தம்பி. ஃபேனை நிறுத்திவிட்டுத் தொங்கவிடுங்கள், தூசி ஒட்டும். டேங்குக்குள் பிலிமைச் சுற்றும் ரீல் சொட்டு ஈரம் இல்லாமல் இருக்க வேண்டும், கை வியர்த்தாலே பிலிம் பாதியில் மாட்டிக்கொள்ளும். நான் குளியலறையில் இரவு பத்து மணிக்கு மேல்தான் சுற்றுவேன்.

மஞ்சக்குப்பம்:
ஐயா, அக்கா, எல்லோருக்கும் நன்றி. இன்று காலை 250 கிராம் ஹைப்போ கலந்தேன், பாத்திரம் நீங்கள் சொன்னபடியே சில்லிட்டது. பிலிமைக் கொஞ்ச நேரம் தண்ணீரில் ஊறவைத்து, 24-இல் போட்டேன். நான்காவது நிமிடம் திறந்து பார்த்தால் ஓரத்துத் துளைகள் பக்கம் திட்டு கரைய ஆரம்பித்திருந்தது. பத்தாவது நிமிடம் வெள்ளையே இல்லை. ஜன்னல் பக்கம் பிடித்துப் பார்த்தேன். கறுப்புதான், ஆனால் திண்ணைத் தூண் தெரிகிறது, அதன்மேல் ஆயாவின் கை தெரிகிறது. மூக்குத்தி மட்டும் மற்ற எல்லாவற்றையும்விடக் கறுப்பாக, குண்டூசித் தலை அளவுக்கு ஒரு புள்ளி. இப்போது பேட்டரி தண்ணீரில் முக்கிக் குளியலறையில் தொங்கவிட்டிருக்கிறேன்.