சீரம் பழுப்பாகிவிட்டது, ‘கெடாத’ வைட்டமின் சி-க்கு மாறலாமா?

நித்திலம்:
முகத்துக்குப் போட 15 சதவீத அஸ்கார்பிக் ஆசிட் (அதாவது நேரடி வைட்டமின் சி) சீரம் வாங்கி இரண்டு மாதம்கூட முழுதாக ஆகவில்லை. வாங்கும்போது தண்ணீர் மாதிரி இருந்தது, இப்போது துருப்பிடித்த குழாய்த் தண்ணீர் நிறம், தலையணை உறையில்கூட மஞ்சள் திட்டு. போடும்போதெல்லாம் மூக்கோரம் சுரீர் என்று எரியும், பலன் இருக்கட்டும் என்று பொறுத்துக்கொண்டேன். இப்போது சோடியம் அஸ்கார்பில் பாஸ்பேட் போட்ட சீரம் ஒன்று கண்ணில் பட்டது, கெடாது என்கிறார்கள். நிஜமாகவே கெடாதா, இல்லை பேருக்குத்தான் வைட்டமின் சி-யா? பரு வந்துபோன கருப்புத் தடம் மங்க வேண்டும், அவ்வளவுதான்.

கல்லுப்பு:
முதலில் அந்தப் பழுப்பைக் கொட்டிவிடுங்கள், அதில் பெரிதாக எதுவும் மிச்சமிருக்காது. அஸ்கார்பிக் ஆசிட் தண்ணீரில் கரைந்ததுமே காற்று பட்டு ஆக்சிஜனேற்றம் ஆகத் தொடங்கிவிடும். பாஸ்பேட் வகையில், அப்படிச் சட்டென்று வினைபுரியும் இடத்தில் ஒரு பாஸ்பேட்டை மூடிபோல மாட்டிவைத்திருக்கிறார்கள். பாட்டிலுக்குள் மூடி திறக்காது. தோலில் இருக்கும் பாஸ்படேஸ் என்சைம்தான் அதைக் கழற்றும், அப்புறம்தான் அது வைட்டமின் சி. எரிச்சலுக்கும் இதிலேயே பதில் இருக்கிறது: ஆசிட் தோலுக்குள் போக pH, அதாவது அமிலத்தன்மையின் அளவு, 3.5-க்குக் கீழே இருக்க வேண்டும் (எண் குறையக் குறைய அமிலம் அதிகம்), பாஸ்பேட் 7-ஐ ஒட்டியே சௌகரியமாக இருக்கும். உங்களுக்குப் பரு தொல்லையும் இருப்பதால் சோடியம் வகை பொருத்தம்தான், 5 சதவீத லோஷனை வைத்துச் செய்த சிறிய ஆய்வுகளில் பரு குறைந்திருக்கிறது.

எதிர்க்கேள்வி:
மூடி கதை அழகாகத்தான் இருக்கிறது, ஆனால் மூடியோடு அது தோலுக்குள் போகிறதா என்பதல்லவா கேள்வி? 2001-இல் அமெரிக்கத் தோல் மருத்துவர் ஷெல்டன் பின்னெலின் குழு பன்றித் தோலில் பார்த்தபோது, மெக்னீசியம் அஸ்கார்பில் பாஸ்பேட் தடவியும் தோலில் வைட்டமின் சி அளவு ஏறவில்லை.

கல்லுப்பு:
சரிதான், மறுக்கவில்லை. ஆனால் அது மெக்னீசியம் வகை, இவர் கேட்பது சோடியம். தவிர, பின்னெல் ஆசிட் சீரம் தயாரிப்பிலும் பங்கு வகித்தவர் என்பதையும் ஓரமாக வைத்துக்கொண்டு படிக்க வேண்டும். அதே மெக்னீசியம் வகையை 10 சதவீதக் கிரீமாக மங்குக்குப் போட்டு, சிலருக்கு நிறம் குறைந்ததாக 1996-இல் ஜப்பானியர்கள் எழுதியிருக்கிறார்கள். நல்ல ஆசிட் சீரம் அளவுக்கு வேகம் எதிர்பார்க்காதீர்கள் என்றுதான் நானும் சொல்வேன். ஆனால் எரிகிறது என்று வாரத்துக்கு இரண்டு நாள் போடும் ஆசிட்டைவிடத் தினமும் போட முடிகிற பாஸ்பேட் மேல்.

கலக்கிப்பார்ப்போம்:
வீட்டிலேயே கலந்து பார்க்கலாம் என்று யாராவது நினைத்தால் என் கதையைக் கேளுங்கள். கார்போமர் என்ற கெட்டியாக்கும் பொடியில் செய்த ஜெல் கெட்டியாக, கரண்டியைத் திருப்பினாலும் விழாத பதத்தில் வந்திருந்தது. பாஸ்பேட் பொடியைப் போட்டுக் கிளறினேன், கண்ணெதிரே நீர்த்து ஓடிவிட்டது! இது உப்பு ஆயிற்றே, கார்போமருக்கு உப்பு ஆகாது. அடுத்த தடவை கெட்டியாக்க அதற்குப் பதில் சாந்தன் கம் போட்டேன், நின்றது. pH-ஐயும் 6-க்குக் கீழே இறக்கக் கூடாது, இறக்கினால் அந்த ‘மூடி’ பாட்டிலுக்குள்ளேயே மெல்லக் கழன்றுவிடும். கெடாது என்பதெல்லாம் இந்த நிபந்தனையோடுதான்.

நித்திலம்:
கலப்பதெல்லாம் என் கைக்கு வராது, வாங்கித்தான் போடுவேன். நயாசினமைடோடு (வைட்டமின் பி3 வகை) சேர்க்கலாமா?

கல்லுப்பு:
தாராளமாக, இரண்டுக்கும் pH ஒத்துப்போகும். இறந்த தோலை உதிர்க்கும் கிளைகாலிக் ஆசிட் போடுகிற பழக்கம் இருந்தால் மட்டும், அதன் pH குறைவு என்பதால், அதை வேறு வேளைக்கு மாற்றிவிடுங்கள். பகலில் சன்ஸ்கிரீன் போடாமல் இருந்தால் அந்தக் கருப்புத் தடம் எந்த சீரத்துக்கும் அசையாது. மூன்று மாதம் கழித்து அதே வெளிச்சத்தில் ஒரு போட்டோ எடுத்துப் பாருங்கள், கண்ணாடியை நம்பாதீர்கள்.

நித்திலம்:
சன்ஸ்கிரீனா... மாட்டிக்கொண்டேன். அதையும் சேர்த்தே வாங்குகிறேன்.